கத்தியில்லை, ரத்தமில்லை

கோப்பையைக் கழற்றியபோது அந்தப் பெண்ணின் தோல் சூடாக இருந்தது.

நெவெனா கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். பதினொரு வருடமாக, கொழுப்பை உறைய வைத்து வயிற்றைக் குறைக்கும் இதே வேலை. முப்பத்தைந்து நிமிடம் உறைகுளிரில் உறிஞ்சிப் பிடித்து வைத்திருந்த சதை, கோப்பையை எடுத்ததும் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வைத்த வெண்ணெய்க் கட்டி மாதிரி விறைத்து நிற்க வேண்டும். செக்கச் செவேலென்று, கோப்பை எந்த வடிவமோ அதே வடிவத்தில், விரலால் தட்டினால் பலகையைத் தட்டுவது போல இருக்க வேண்டும். அதைப் பிசைந்து இளக்கவே ஐந்து நிமிடம் பிடிக்கும். இவளுடைய வயிறோ, அடுப்படியில் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தவளின் வயிறு போல இளஞ்சூட்டோடு, தளர்ந்து, ஒரு சிவப்புக் கோடுகூட இல்லாமல் கிடந்தது. இயந்திரத்தின் திரையில் மைனஸ் எட்டு என்று எரிந்துகொண்டிருந்தது.

"ரொம்பக் குளிர்ந்துதா?" என்று கேட்டாள் நெவெனா.

"எனக்கு ஒண்ணும் தெரியல," என்றாள் கட்டிலில் இருந்தவள். "உங்களுக்கு?"

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து நெவெனா சிரித்து வைத்தாள். அவள் சிரிக்கவில்லை.

ஸ்தோயானா என்று பெயர் கொடுத்திருந்தாள். அறுபது வயதிருக்கும். நெட்டையான, எலும்பு தெரியும் உடம்பு. இங்கே வந்து வயிற்றைக் குறைத்துக்கொள்ள அவளுக்கு வயிறே கிடையாது. முதலில் பார்த்தபோதே நெவெனா சொன்னாள்: "உங்களுக்கு இது தேவையே இல்லையே. கோப்பையில பிடிக்கறதுக்கே சதை இல்ல." அதற்கு அவள், "இருக்கறத எடுங்க," என்றாள். செவ்வாய்க்கிழமைதோறும் மதியம் இரண்டு மணி என்று தானே நாளும் குறித்துக்கொண்டாள்.

ஜூன் கடைசி. ரூசே நகரம் தன்யூப் ஆற்றின் கரையில் தகரம் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. நெவெனாவின் நிலையம் ஒரு பழைய வீட்டின் மாடியில். வாசலில் தட்டையான வயிறு ஒன்றின் படமும், 'கத்தியில்லை, ரத்தமில்லை' என்ற எழுத்தும். முதல் அறையில் ஒலியலையால் கொழுப்பைக் கரைப்பது, இரண்டாவதில் வெப்ப அலையால் தோலை இறுக்குவது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது கடைசி அறையைத்தான். உறைய வைத்தால் கொழுப்பு தானாகச் செத்துவிடும், உடம்பே அதை மெல்ல மெல்ல வெளியேற்றிவிடும், நீங்கள் படுத்துக்கொண்டு பத்திரிகை படிக்கலாம். இந்த மூன்று வரியை நெவெனா தூக்கத்திலும் சொல்லுவாள்.

ஸ்தோயானா போன பிறகு அவள் கோப்பைக்குள் தன் கையை விட்டு விசையைத் தட்டினாள். குளிர் எலும்பு வரை கடித்தது. இயந்திரத்தில் ஒரு கோளாறும் இல்லை. கட்டில் மேல் விரித்திருந்த காகிதத்தைச் சுருட்டி எறியப்போனபோதுதான் வாடை வந்தது. வதக்கிய வெங்காயமும் பெரிய அண்டாவில் வெந்த பீன்ஸும் ஈரத் துடைப்பமும் கலந்த, பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையின் வாடை. ஜன்னலைத் திறந்துவிட்டாள். வெயில் உள்ளே வந்தது. வாடை போகவில்லை.

அன்று மாலை குளிக்கும்போது சோப்பு அவள் தொப்புளுக்குக் கீழே வழுக்கிப் போயிற்று; போனது அவளுக்குத் தெரியவில்லை. விரலால் தொட்டாள். விரலுக்குத் தோல் தெரிந்தது, தோலுக்கு விரல் தெரியவில்லை. பக்கத்துக் கட்டிலில் தூங்குகிற யாரையோ தெரியாமல் தொட்டுவிட்டது போல இருந்தது. மரத்த இடத்தின் ஓரத்தை நகத்தால் தேடிக்கொண்டே போனாள். ஒரு ஜாண் நீளம். நான்கு விரல் அகலம். மூலைகள் வளைந்து, ஓரம் நேராக.

குழாயை நிறுத்திவிட்டு நின்றாள். நாளெல்லாம் குளிர்ப் பையும் கையுமாக இருக்கிறோம், எங்கேயோ பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எங்கே பட்டது என்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய் ஸ்தோயானா இரண்டு மணிக்குச் சரியாக வந்தாள். கட்டிலில் ஏறி, தானே உடையைத் தூக்கிவிட்டு, எலும்பு முட்டிய விரலால் இடத்தைக் காட்டினாள்.

"இன்னிக்கு வலப்பக்கம். தொப்புள்லேருந்து நாலு விரல் தள்ளி."

தோல் கருகாமல் இருக்க, கோப்பைக்கும் சதைக்கும் நடுவில் களிம்பில் ஊறிய மெல்லிய துணி ஒன்றை விரிக்க வேண்டும். நெவெனா உறையைப் பிரித்தாள்.

"முழுசா விரிங்க," என்றாள் ஸ்தோயானா, கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமல். "பாதியா வெட்டினது வேண்டாம்."

நெவெனாவின் கை நின்றது. துணியைப் பாதியாக வெட்டி இரண்டு பேருக்குப் போடுகிற வழக்கம் அவளுக்கும் அவளுடைய உதவியாளர் இஸ்க்ராவுக்கும் மட்டும்தான் தெரியும். அதையும் போன டிசம்பரோடு விட்டாயிற்று.

"நாங்க எப்பவும் முழுசுதான்," என்றாள்.

கோப்பை சதையைக் கவ்வியது. இயந்திரம் முனகத் தொடங்கியது. நெவெனா அழைப்பு மணியை அவள் கையில் கொடுத்து, "ஏதாவதுன்னா அழுத்துங்க," என்றாள்.

"கேக்குமா?"

"கேக்கும்."

நடைக்கு வந்து கதவைச் சாத்தியவுடன் அது தொடங்கியது. முதலில் ஒரு கூச்சம். பிறகு இழுப்பு. பல்லில்லாத வாய் ஒன்று அவளுடைய சட்டைக்குள், தொப்புளுக்கு வலப்பக்கம், பொறுமையாக, அவசரமே இல்லாமல், சதையை உள்ளே வாங்கிக்கொள்வது போல. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போனாள். தாழ் போட்டாள். சட்டையைத் தூக்கினாள்.

வயிற்றுச் சதை தானாக எழும்பி நின்றது. மேலே எதுவும் இல்லை. காற்றுதான். ஆனால் சதை கவ்வப்பட்டு, ஒடுங்கி, நீளவாட்டில் ஒரு வரப்பு போல உயர்ந்து, சிவந்து, பிறகு மெழுகு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. தொட்டாள். உறைந்த இறைச்சி. கத்த வாயைத் திறந்தவள், வரவேற்பில் இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருப்பதை நினைத்து மூடிக்கொண்டாள். துண்டைச் சுருட்டிப் பல்லால் கடித்துக்கொண்டு கழிப்பறை மூடி மேல் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. முப்பத்தைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. படுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

முனகல் நின்றது. வாய் விட்டது. சதை மட்டும் கட்டியாக நின்றது.

அவள் உள்ளே போனபோது ஸ்தோயானா உடையைச் சரிசெய்துகொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். கழற்றிய கோப்பை அழகாக அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சதும் பிசைஞ்சு விடணும், இல்லையா?" என்று கேட்டாள். "இல்லன்னா உள்ள கட்டியாயிடும்."

"ஆமா."

"நான் பிசைஞ்சு விடட்டுமா உங்களுக்கு?"

நெவெனா பின்னால் ஓர் அடி வைத்தாள். ஸ்தோயானா எழுந்து, கைப்பையை எடுத்துக்கொண்டு, மெதுவாக மாடிப்படி இறங்கிப் போனாள்.

நெவெனா படியருகே வந்து எட்டிப் பார்த்தபோது கீழே, தெருக் கதவின் முன்னால் இஸ்க்ரா நின்று எதையோ நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். இறந்தவரின் படத்தோடு குடும்பத்தார் ஊரெல்லாம் ஒட்டும் நினைவுத் தாள். வெள்ளைத் தாள், கறுப்புக் கட்டம், நடுவில் ஒரு பெண். பாட்டுக் குழுவின் பூவேலை உடையில், இடுப்பில் இரண்டு பெரிய வெள்ளிப் பூட்டு வைத்த கச்சையோடு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. 'ஆறு மாதம் நிறைந்தது. உன்னை மறக்கவில்லை.'

"காலையிலயும் கிழிச்சேன், அக்கா," என்றாள் இஸ்க்ரா. "மறுபடி ஒட்டியிருக்கா."

"யாரு?"

"இப்ப போனாளே. தெமெனுகாவோட அக்கா."

நெவெனா படியிறங்கி வெயிலுக்கு வந்தாள். "உனக்குத் தெரியுமா? அப்போ அவளுக்கு எதுக்குடி நாள் குடுத்த?"

"ஆஸ்பத்திரியில பாத்திருக்கேன் அவள. தங்கச்சி கால்மாட்டுல உக்காந்திருப்பா. இங்க வந்து பேர் குடுத்தப்போ அடையாளம் தெரிஞ்சுது. அவளும் என்னப் பாத்தா." இஸ்க்ரா கையிலிருந்த காகிதத் துணுக்குகளைக் கசக்கினாள். "வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல, அக்கா. நீங்க வேணா சொல்லிப் பாருங்க."

சாவியை நெவெனாவின் கையில் வைத்தாள்.

"என்ன இது?"

"விசாரணைக்குக் குடுத்த தாள்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். எங்கிட்ட எப்ப வருவான்னு தெரியல. நான் பிளோவ்திவ்ல மாமா வீட்டுக்குப் போறேன்."

அவள் திரும்பிப் பார்க்காமல் லிண்டன் மர நிழலோடு நடந்து போனாள். நெவெனா கதவில் மிச்சமிருந்த பாதி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெமெனுகா ஒரு பள்ளிக்கூடத்தின் சமையல்காரி. ஐம்பத்திரண்டு வயது. உரக்கச் சிரிப்பாள், வந்ததும் எல்லோருக்கும் ஏதாவது தின்னக் கொடுப்பாள். புத்தாண்டுக்கு அவளுடைய பாட்டுக் குழு வெளியூர் போக இருந்தது. கச்சையின் வெள்ளிப் பூட்டு இரண்டும் சேரவில்லை என்று வந்தாள். "அரை ஜாண் போதும், கண்ணு. பூட்டு மாட்டினா போதும், மூச்சு நான் எப்படியாவது விட்டுக்கறேன்," என்றாள். விண்ணப்பத்தில் 'சர்க்கரை நோய் உண்டா' என்ற இடத்தில் 'ஆம்' என்று வட்டம் போட்டிருந்தாள். அப்படிப்பட்டவர்களை இந்த இயந்திரத்தில் படுக்க வைப்பதென்றால் மருத்துவரைக் கேட்க வேண்டும். நெவெனா கேட்கவில்லை.

அன்று டிசம்பர் ஐந்து. மறுநாள் எல்லா வீட்டிலும் மீன் சமைக்கும் புனித நிக்கோலா பண்டிகை. நெவெனா பால்கனியில் புகை பிடித்தபடி தன் அத்தை மகளிடம் போனில் கெண்டை மீனுக்குள் என்ன அடைப்பது என்று பேசிக்கொண்டிருந்தாள். வாதுமைக் கொட்டை போடலாமா, அரிசி போடலாமா. காலையிலிருந்து ஆளாளுக்குச் சும்மா சும்மா அழுத்தியதில் தலை வலித்ததால் மணியை நிறுத்தி வைத்திருந்தாள். நேரம் முடிந்ததும் தானாக நிறுத்தும் கடிகாரம் அந்த இயந்திரத்தில் ஒரு வாரமாகச் சரியில்லை. பாதித் துணி சறுக்கி விலகியிருந்தது. எழுபது நிமிடம்.

கோப்பையை எடுத்தபோது சதை வெள்ளையாக, சாம்பல் பூத்தது போல இருந்தது. "தயிர் தடவுங்க, சரியாயிடும்," என்று சொல்லி அனுப்பினாள். மூன்றாம் நாள் கறுத்தது. இருபத்து மூன்றாம் நாள் தெமெனுகா ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள். விசாரிக்க வந்தவர்களிடம் நெவெனா புது விண்ணப்பம் ஒன்றைக் காட்டினாள்; அதில் 'இல்லை' என்பதில் வட்டம் இருந்தது. வீட்டில் வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துத் தூங்கிவிட்டதாகத் தெமெனுகாவே சொன்னாள் என்று இஸ்க்ராவும் எழுதிக் கொடுத்தாள். அதோடு முடிந்தது. முடிந்ததென்று நெவெனா நினைத்திருந்தாள்.

இஸ்க்ரா போன அன்றே நெவெனா ஸ்தோயானாவைப் போனில் அழைத்தாள். "மிஷின் பழுதாயிடுச்சு. இனிமே வர வேண்டாம்."

"சரி," என்றது குரல். "வரல."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுதான் அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த செவ்வாய் இயந்திரத்தின் வயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, நிலையத்தைப் பூட்டிக்கொண்டு, ஆற்றோரத்து உணவகத்தில் போய் உட்கார்ந்தாள். சுற்றிலும் சனம். பொரித்த சிறு மீன் வாசனை, பீர் நுரை, படகின் ஊதல், பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் வழிய வழியத் தின்றுகொண்டிருந்தது. நாற்பது டிகிரி வெயில். குடையின் விளிம்பு வழியே அது அவள் கழுத்தைச் சுட்டது. அந்தச் சூடு அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

மாதா கோவிலில் மணி இரண்டு அடித்தது.

இடப்பக்கம். கவ்வியது.

மேஜை விளிம்பைப் பிடித்தாள். சட்டைத் துணி எழும்பவில்லை. உள்ளே சதை மட்டும் எழும்பியது. குளிர் வந்தது. இந்த முறை நடுவில் துணி இல்லை. நேராகத் தோலில். ஊசி ஊசியாக. பிறகு நெருப்பாக. நெருப்பும் பனியும் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு என்ன கொண்டுவர?" என்றான் பரிமாறுகிறவன்.

அவள் மேஜை விளிம்பை விடவில்லை.

"உடம்பு சரியில்லையா? முகமெல்லாம் வெளுத்திருக்கே."

தலையை ஆட்டினாள். போ என்று. அவன் போனான். குழந்தை அவளையே பார்த்தது. யாரும் வரவில்லை. இத்தனை பேர் நடுவில் வாய் திறந்தால் யாராவது வருவார்கள். என்னவென்று சொல்வது?

முப்பத்தைந்து நிமிடத்தில் விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூன்று பத்துக்கு விட்டது.

எழுபது.

அதன் பிறகு செவ்வாய் தவறவில்லை. ஆகஸ்டு நடுவில் மூன்று மரத்த இடங்களும் சேர்ந்து ஒன்றாகி, மரப்பு போய், கனம் வந்தது. சதை வளர்ந்தது. பஞ்சு போல அல்ல, கல் போல. கோப்பையின் வளைந்த மூலை ஒவ்வொன்றும் தோலுக்கு அடியில் தெளிவாகத் தெரிந்தது. பாவாடைப் பூட்டு சேரவில்லை. அகலமான உடைகளுக்கு மாறினாள். வாடிக்கையாளர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வயிற்றைக் குறைக்கிறவளுக்கு வயிறு வந்தால் யார் வருவார்கள்? இரண்டு பேர் நாள் ரத்து செய்தார்கள். பிறகு ஐந்து பேர்.

நிலையத்துக்கு வேண்டிய காகிதங்களில் கையெழுத்திடும் டாக்டர் லூபென் அவளைப் பரிசோதித்துவிட்டுச் சிரித்தார்.

"நெவெனா, உன் மிஷின்ல நீயே படுத்தியா?"

"இல்ல, டாக்டர்."

"எங்கிட்ட ஏன் மறைக்கற? இது ஆயிரத்துல ஒருத்தருக்கு வரும். குளிர்ல சாக வேண்டிய கொழுப்பு சாகாம, கோவிச்சுக்கிட்டு வளர ஆரம்பிச்சுடும். கோப்பை எப்படி இருந்துதோ அப்படியே. மிஷின் படாதவங்களுக்கு இது வரவே வராது." அவர் கையைக் கழுவினார். "தானாப் போகாது. அறுத்துத்தான் எடுக்கணும். உன் போர்டை மொதல்ல கழட்டி வை."

ஆகஸ்டு கடைசியில் அவள் ஸ்தோயானாவின் வீட்டைத் தேடிப் போனாள். நகரத்தின் கோடியில், அடுக்குமாடியின் நான்காவது மாடி. கதவு திறந்தே இருந்தது. பால்கனியில் ஸ்தோயானா சிவப்புக் குடைமிளகாய்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். தோல் கருகும் வாசனை வீடு முழுக்க நிறைந்திருந்தது. கரி படிந்த மிளகாயை ஒவ்வொன்றாக எடுத்து, கறுத்த தோலை விரலால் வழித்து உரித்து, உள்ளிருக்கும் சிவந்த சதையைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுப்ப விட்டு வர முடியாது," என்றாள். "இங்க வந்து சொல்லு."

'நீங்க' போய்விட்டிருந்தது. நெவெனா கவனித்தாள்.

"எனக்கு என்ன செஞ்சு வெச்சிருக்கீங்க?"

"நானா? நான் படுத்துக்கிட்டுதானே இருந்தேன். துணி விரிச்சது நீ. கோப்பைய வெச்சது நீ. பொத்தான அழுத்தினது நீ."

"போதும். நிறுத்துங்க. உங்க தங்கச்சி போனதுக்கு நானும் வருத்தப்பட்டேன். தெரியாம நடந்துபோச்சு."

ஸ்தோயானா ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள். "கடைசி ரெண்டு நாள் அவளுக்கு நெனவு வரும், போகும். வந்தப்பல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அக்கா, மணி அடிச்சேன். கத்தினேன். பக்கத்துல பேச்சுக் குரல் கேட்டுது. வாதுமைக் கொட்டையா அரிசியான்னு. ஏன் யாரும் வரல?' எனக்குப் பதில் தெரியல. நீ சொல்லு."

"எனக்குக் கேக்கல."

ஸ்தோயானா முதல் முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். நெவெனா பார்வையைக் கிண்ணத்துக்குத் திருப்பிக்கொண்டாள். கேட்டது. பால்கனிக் கதவின் கண்ணாடி வழியே மெலிதாக, 'கண்ணு, கொஞ்சம் வந்து பாரேன்' என்று கேட்டது. மூன்று முறை. நான்காவது முறை வார்த்தை இல்லாத சத்தம். எல்லோரும் கத்துவார்கள், முதல் பத்து நிமிடம் அப்படித்தான் இருக்கும், பிறகு மரத்துவிடும் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு சிகரெட்டைப் பற்ற வைத்தாள்.

"ஒரு தாள்," என்றாள் ஸ்தோயானா. "மணிய நிறுத்தினது, அவ போட்ட வட்டத்த மாத்தினது, கேட்டும் போகாதது. எழுதி, கையெழுத்துப் போட்டு, விசாரிக்க வந்தாங்களே, அவங்ககிட்ட கொண்டுபோய்க் குடு."

"எழுதினா நான் ஜெயிலுக்குப் போவேன்."

"போவ."

"போனவ போயிட்டா. நான் ஜெயிலுக்குப் போனா அவ திரும்பி வருவாளா?"

ஸ்தோயானா உரித்த தோலைத் தட்டின் ஓரத்தில் துடைத்தாள். கரி அவள் நகக்கண்ணெல்லாம் ஏறியிருந்தது.

"எழுதினா இது போயிடுமா?" நெவெனாவின் குரல் இறங்கியது. "அதயாவது சொல்லுங்க."

"எனக்கு எப்படித் தெரியும்? அத அவளத்தான் கேக்கணும்."

வீட்டுக்கு வந்து நெவெனா தாளை எடுத்தாள். 'டிசம்பர் ஐந்தாம் தேதி' என்று எழுதினாள். வயிறு மேஜை விளிம்பில் இடித்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, 'மதியம் இரண்டு மணிக்கு' என்று எழுதினாள். அந்த ஒரு கணம் வயிற்றின் கனம் இலேசாவது போல இருந்தது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல, கவனமான ஓர் இலேசு. பிறகு அவள் நிலையத்தை நினைத்தாள். சிறையில் பெண்கள் போட்டுக்கொள்ளும் உடையை நினைத்தாள். இஸ்க்ரா வாய் திறக்க மாட்டாள் என்று நினைத்தாள். தாளை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு, தலைநகர் சோபியாவில் ஓர் அறுவை மருத்துவரிடம் நாள் கேட்டு அழைத்தாள்.

கத்தியைப் பார்த்துப் பயந்து வருகிறவர்களை வைத்தே பதினொரு வருடம் பிழைத்தவள். இப்போது கத்திக்காக ஏங்கினாள். அறுத்து எடுத்துவிட்டால் போதும். அவர்கள் எவ்வளவு ஆழமாக அறுத்தாலும் சரி.

அறுப்பதற்கு முன்னால் உள்ளே எவ்வளவு தூரம் வேர் விட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். படம் எடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். காலை பதினொரு மணி. திங்கட்கிழமை. செவ்வாய் இல்லை என்று இரண்டு முறை நாட்காட்டியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். அறை வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. மருந்து வாசனை. பெரிய வளையம் போன்ற இயந்திரம், அதற்குள் சறுக்கிப் போகும் குறுகலான படுக்கை. ஒரு செவிலி அவளை மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி வைத்துவிட்டுப் போனாள். கனத்த கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் ஓர் இளைஞன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் குரல் கூரையிலிருந்து வந்தது.

"ஒண்ணும் பயமில்ல, மேடம். நான் சொல்றப்ப மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கோங்க. அவ்வளவுதான்."

படுக்கை உள்ளே நகர்ந்தது. வளையம் சுழலத் தொடங்கியது.

"இழுங்க. பிடிங்க."

பிடித்தாள். மனதுக்குள் எண்ணினாள். ஒன்பது, பத்து.

"விடுங்க." திரையில் எதையோ பார்த்தான். "மேடம், அசைஞ்சுட்டீங்க. படம் கலங்கிப்போச்சு. மறுபடி எடுக்கறேன். இழுங்க. பிடிங்க."

பிடித்தாள். அசையவில்லை. அசையவே இல்லை.

"மேடம், மூச்சு விடாதீங்க."

அவள் விடவில்லை.

"மூச்சு விடறீங்க. எனக்கு இங்க தெரியுது. பத்து நொடிதான், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. கடைசித் தடவை. நல்லா இழுங்க. பிடிங்க."

இழுத்தாள். உதட்டை இறுக்கினாள். நெஞ்சு கல் போல நின்றது. காதுக்குள் ரத்தம் இரைந்தது. வேறு சத்தம் இல்லை.

"மேடம். நான் சொல்றது கேக்குதா?"

கேட்டது. பதில் சொன்னால் மூச்சு போய்விடும். தலையை மட்டும் இலேசாகத் தூக்கினாள். தன் உடம்பின் நீளத்தில் பார்த்தாள். நீலத் துணி மூடிய நெஞ்சு. அசைவில்லை. அதற்கு அப்பால் வயிறு.

அது ஏறியது.

இறங்கியது.

மெதுவாக. ஆழமாக. நெடுநாள் வலியில் கிடந்த ஒருத்தி கடைசியில் நல்ல இடம் பார்த்துப் படுத்துத் தூங்குவது போல.

கூரையில் 'கிளிக்' என்று ஒலிபெருக்கி திறந்தது. அந்த இளைஞனின் மூச்சு மட்டும் கேட்டது. வேகமாக. பிறகு அதுவும் அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் நாற்காலி காலியாக இருந்தது. வளையம் நின்றது.

நெவெனா மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கண் இருட்டியது. பிடித்துக்கொண்டே இருந்தாள்.

வயிறு ஏறியது. இறங்கியது. ஏறியது.